முணுமுணுப்பும் முறையீடும் நன்றியும்: வாசகர் கேள்வி – பதில்

குறை சொல்வதை விடுத்து நன்றி சொல்வதை ஓர் ஆன்மிகப் பயிற்சியாகக் கைக்கொள்ள முடியுமா, அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 62. காலையில் எழுந்ததிலிருந்து என் வாயில் வருவது குறைதான். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், வீட்டு வேலைக்கு வரும் பெண் நேரத்துக்கு வருவதில்லை, மருமகள் வைத்த குழம்பில் புளி தூக்கல், வெளியூரில் இருக்கும் இளைய மகன் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறான். போன வாரம் என் பேத்தி, “பாட்டி, உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டுவிட்டாள். பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். நன்றி சொல்லிப் பழகலாம் என்றால், மனம் வராமல் சொல்வது பொய்யாகிவிடாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, குழந்தையின் கேள்வியைக் கோபித்துத் தள்ளாமல் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் நானும் மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் அடுக்கியிருக்கும் நான்கு குறைகளையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான்கும் உங்களுக்கு ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பவர்களைப் பற்றியவை. பால் வந்திருக்கிறது, வேலைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், இன்னொருவர் அடுப்படியில் நின்று செய்த குழம்பு உங்கள் தட்டில் இருக்கிறது, மகன் தொலைபேசியில் அழைத்திருக்கிறான். குறை சொல்வதற்கும்கூட முதலில் ஒன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்ததை மனம் உடனே தன் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. சேராத பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே நாள் முழுவதும் திருப்பிப் பார்க்கிறது. மாதம் முழுவதும் சரியாக இருந்த உப்பைப் பற்றி எந்த வீட்டிலும் பேச்சு வருவதில்லை, கூடிப்போன ஒரு நாளைப் பற்றித்தான் பேச்சு. இது உங்களுக்கு மட்டும் உரிய குணம் அன்று, மனத்தின் பொதுவான போக்கு. தானாக மாறாத போக்கு என்பதால்தான் இதற்குப் பயிற்சி தேவைப்படுகிறது.

மனம் வராமல் சொல்வது பொய்யாகுமா என்று கேட்டீர்கள். புளி தூக்கலான குழம்பை அருமை என்று சொன்னால் அது பொய். அதைச் சொல்லும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் மருமகள் காலை ஆறு மணிக்கே எழுந்து அடுப்பை ஏற்றினாள் என்பது உண்மை. உண்மையாக நடந்ததைப் பார்த்துச் சொல்வது, மனம் நெகிழாத நாளிலும் பொய்யாவதில்லை. அர்ச்சகரின் மனம் ஒருநாள் எங்கோ இருந்தது என்பதற்காக அன்றைய அபிஷேகம் நடக்கவில்லை என்று நாம் சொல்வதில்லை. செயல் முன்னே போகட்டும், மனம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

தொடக்கத்தில் குறை சொல்வதை நிறுத்த முயல வேண்டாம். முயன்றால் அது உள்ளேயே கிடந்து புழுங்கும். குறை வாயில் வந்ததும், அதே மூச்சில் வந்து சேர்ந்ததையும் சொல்லி வாக்கியத்தை முடியுங்கள். “பால் தண்ணீராக இருக்கிறது, ஆனாலும் மனிதர் மழையில் நனைந்துகொண்டு ஐந்தரை மணிக்கே வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.” பால் தண்ணீராக இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், அவரிடம், ஒரு முறை. அவரைத் தவிர மற்ற நான்கு பேரிடம் அதையே சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் விட வேண்டும். மாலையில் விளக்கேற்றியதும், சுவாமியிடம் எதையும் கேட்பதற்கு முன்னால், அன்று உங்களுக்கு ஏதாவது செய்தவர்களில் ஒருவரின் பெயரையாவது சொல்லி, அவர் செய்ததையும் சொல்லுங்கள். நம் வீடுகளில் உற்றாருக்குள் “நன்றி” என்ற சொல்லைச் சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் அந்நியமாகப் படும். “இன்னைக்கு ரசம் நல்லா இருந்ததும்மா” என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். அதுவும் ரசம் நன்றாக இருந்த நாளில் மட்டும்.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன்னால் என் மனைவி புற்றுநோயால் இறந்துபோனார். “முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தீர்களே, அதற்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்லுங்கள்” என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வருகிறது. பூஜை அறையில் நின்று சுவாமியோடு சண்டை போடுகிறேன். இது பாவமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பாவம் இல்லை, ஐயா. உங்கள் உறவினர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள்; ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது. நன்றி ஒருவர் தமக்குத் தாமே மேற்கொள்ள வேண்டிய பயிற்சி. துக்கத்தில் இருப்பவரிடம் போய் இன்னொருவர் அதைக் கேட்டு வாங்க முடியாது. வாங்க முயல்வது, அழுகிறவரின் வாயைப் பொத்துவதில்தான் போய் முடியும்.

சுந்தரமூர்த்தி நாயனாரின் கதையில் ஒரு பகுதியை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், தாம் மணந்த சங்கிலியாருக்குப் பிரியேன் என்று செய்து கொடுத்த சத்தியத்தை மீறி, திருவாரூர் நினைவால் ஊர் எல்லையைத் தாண்டியபோது அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாமல் போயின. வழியில் திருவெண்பாக்கத்தில் முறையிட்டபோது ஊன்றுகோல் ஒன்றுதான் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் இடக்கண் பார்வை திரும்பியது. அங்கே அவர் பாடிய பதிகம் பாட்டுக்குப் பாட்டு “காணக் கண் அடியேன் பெற்றவாறே” என்று முடிகிறது. ஒற்றைக் கண் கிடைத்தவர் பாடிய நன்றிப் பாட்டு அது. பிறகு திருவாரூர் வந்து சேர்கிறார். வலக்கண் இன்னும் வரவில்லை. அங்கே பாடியதில் நன்றியின் சாயலே இல்லை. உமக்கே மீளா அடிமையாகி, பிறரை வேண்டாமல், “மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி” நிற்கும் அடியார் தங்கள் துன்பத்தைச் சொன்னால், நீர் ஒன்றும் பேசாமல் இருப்பீர். நீரே நன்றாக “வாழ்ந்து போதீரே” என்று சுவாமியின் முகத்துக்கு நேரே கேட்கிறார். அந்தப் பாட்டுக்குத்தான் வலக்கண் கிடைத்தது.

நான் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நின்று பார்க்கும் இடம் ஒன்று உண்டு. கிடைத்த கண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டோமே என்பதற்காக, கிடைக்காத கண்ணைக் கேட்காமல் அவர் இருந்துவிடவில்லை. கேட்கிறோம் என்பதற்காகக் கிடைத்ததை மறந்துவிடவும் இல்லை. தவறு தம்முடையது, சத்தியத்தை மீறியது தாம்தான் என்று தெரிந்திருந்தும் கேட்டார். இரண்டு பதிகங்களும் ஏழாம் திருமுறையில் ஒன்றாகவே இருக்கின்றன. ஓதுவார்கள் இரண்டையும் சந்நிதியிலேயே பாடுகிறார்கள். நம் முன்னோர் சண்டைப் பாட்டை ஒளித்து வைக்கவில்லை. திருநாவுக்கரசர் பாடிய முதல் பதிகமே, சூலை நோய் குடலைத் துடக்கி முடக்குகிறது, ஆற்றேன் என்று திருவதிகையில் கதறியதுதான். “மாசில் வீணையும் மாலை மதியமும்” என்று தம்மை அடைத்த நீற்றறையின் (சுண்ணாம்புக் காளவாயின்) வெப்பத்திலும் குளிர்ச்சியைப் பாடியவரும் அவரே. ஆனால் அது வந்தது பின்னால். குலசேகர ஆழ்வார் இன்னும் ஒரு படி மேலே போய், பெற்ற தாய் கடுங்கோபத்தில் தள்ளிவிட்டாலும் அவளுடைய அருளையே நினைத்து அழுகின்ற குழந்தை போல் இருக்கிறேன் என்று வித்துவக்கோட்டுப் பெருமானிடம் சொல்கிறார். அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தவில்லை, அழுவதற்கு வேறொருவரைத் தேடிப் போகவும் இல்லை.

ஆகவே பூஜை அறையில் நீங்கள் போடும் சண்டையை நான் வழிபாடு என்றே கொள்கிறேன். விளக்கை மட்டும் அணைத்துவிடாமல் சண்டை போடுங்கள். என்றாவது அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும்போதோ, மளிகைச் சீட்டில் அவருடைய கையெழுத்தைப் பார்க்கும்போதோ, அவர் உங்களுக்குச் செய்த ஏதாவது ஒன்று கோபத்தின் ஊடே நினைவுக்கு வரும். வந்தால் அதை அவரிடமே சொல்லுங்கள். வராத வரைக்கும் அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். துக்கத்தோடு உறக்கமும் உணவும் குறைந்துகொண்டே போனால் மருத்துவரைப் பார்ப்பதையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை பல நாள் ஒன்பதரை வரை இழுக்கிறது. ஓவர்டைம் சம்பளத்தைச் சரியாகக் கொடுப்பதில்லை. கேட்கலாம் என்றால், “வேலை இருக்கிறதே என்று நன்றியோடு இரு, குறை சொல்லாதே” என்கிறார் அம்மா. ஆன்மிகமும் இதைத்தான் சொல்கிறதா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை, தங்கையே. கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர் கொடுத்ததற்குத்தான் நன்றி. உழைப்புக்குக் கூலி, கொடுத்தே தீர வேண்டிய கடன். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்து வைத்தது. உங்கள் அம்மா பயந்துதான் சொல்கிறார். மகளின் வேலை போய்விடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. அந்த அக்கறைக்கு நன்றியாக இருங்கள், அறிவுரையை ஏற்க வேண்டியதில்லை. “தேரா மன்னா செப்புவது உடையேன்” என்று பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியை நாம் பத்தினித் தெய்வமாக வணங்குகிறோம். சிலம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுதிருந்தால் அந்த வழக்கு உரைக்கப்பட்டே இருக்காது. அவள் தீர்க்கும் அதிகாரம் உள்ளவனின் முன்னால், கையில் சான்றோடு நின்றாள். நீங்களும் வேலை முடிந்த நேரத்தை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உடன் வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். தொழிற்சங்கமும் தொழிலாளர் துறை அலுவலகமும் அதற்காகவே இருக்கின்றன. நன்றியின் பெயரால் நியாயத்தைக் கேட்க விடாமல் செய்யும் எந்தப் போதனையையும், யார் சொன்னாலும், நான் ஆன்மிகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று வேதாகமம் சொல்கிறது. வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் சங்கீதங்களில் எத்தனையோ புலம்பல்கள் இருக்கின்றன. புலம்பினால் விசுவாசக் குறைவு என்கிறார்கள் எங்கள் ஜெபக் கூட்டத்தில். எது சரி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் வைத்திருக்கும் முரண்பாட்டை அருகே போய்ப் பார்ப்பது பயனுள்ளது. எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் அந்த மக்கள் என்ன சொல்லி முறுமுறுக்கிறார்கள் என்று பாருங்கள். எகிப்தில் விலை கொடுக்காமல் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். இங்கே மன்னாவைத் தவிர கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை என்கிறார்கள். அவர்கள் அங்கே அடிமைகளாகச் செங்கல் அறுத்தவர்கள். சவுக்கு நினைவில் இல்லை, பூண்டு நினைவில் இருக்கிறது. நாள்தோறும் காலையில் தரையில் கிடைக்கும் அப்பம் கண்ணில் படவில்லை, விட்டு வந்த அடிமை வீடு விருந்து வீடாகத் தெரிகிறது. முணுமுணுப்பு செய்யும் கேடு இதுதான்: கையில் இருப்பதைச் சிறிதாக்குவதோடு நிற்காமல், கடந்து போனதையும் பொய்யாக்கிவிடுகிறது. அவர்கள் அவரவர் கூடார வாசலில் நின்று அழுதார்கள் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. தங்களுக்குள்ளே அழுதார்கள், கர்த்தரை நோக்கி அல்ல.

இனி 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடமே கேட்டுத் தொடங்குகிறது. எதுவரைக்கும் என்ற கேள்வியே திரும்பத் திரும்ப வருகிறது. அதே சங்கீதம், அவர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. நடுவில் என்ன நடந்தது என்று எழுதவில்லை. சூழ்நிலை மாறியதாகவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரிடம் முழுவதையும் கொட்டிய பிறகு பழைய நன்மை ஒன்று நினைவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசி வரைக்கும் நன்றி இல்லை. அப்படிப்பட்ட ஒன்றையும் ஜெபம் என்று ஏற்றுத் திருமறையில் வைத்திருக்கிறார்களே, அதை உங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒருநாள் வாசிக்கச் சொல்லுங்கள். திருநெல்வேலியிலிருந்து மேலே கேள்வி எழுதியிருப்பவருக்கும் அது துணையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்தாலும் தும்மினாலும் “அல்ஹம்துலில்லாஹ்” (எல்லாப் புகழும் இறைவனுக்கே) என்போம். சிறு வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி, அது வெறும் பழக்கமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. எப்படி உயிர் கொடுப்பது?
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: பழக்கமாக இருப்பதில் குறை இல்லை, சகோதரரே, பழக்கம் அந்தச் சொல்லை உங்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறது. இஸ்லாமிய அறிஞர்கள் ஷுக்ரை, அதாவது நன்றியை, உள்ளத்தால், நாவால், உறுப்புகளால் என்று மூன்று இடங்களில் வைத்துப் பேசுவார்கள். உங்களிடம் நா ஏற்கனவே பழகியிருக்கிறது. உறுப்புகளின் நன்றி எங்கே தொடங்கலாம் என்பதற்கு ஒரு நபிமொழி வழி காட்டுகிறது: மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே. சாப்பாட்டுக்குப் பின் அந்தச் சொல்லைச் சொன்ன கையோடு, அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவருக்காக எழுந்து உங்கள் தட்டை நீங்களே கழுவி வைத்துப் பாருங்கள். இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலில் பொறுமையையும் நன்றியையும் இரண்டாகப் பிரிக்காமல் ஒரே பகுதியில் வைத்து எழுதியிருக்கிறார். குறைவான நாளில் பொறுமை, நிறைவான நாளில் நன்றி, இரண்டும் ஒரே ஈமானிலிருந்து (இறைநம்பிக்கையிலிருந்து) வருபவை. பொறுமையாக இருக்க நேர்ந்த நாளின் முடிவில் சொல்லும் அல்ஹம்துலில்லாஹ் உங்களுக்கே வேறு விதமாகக் கேட்கும்.

கேள்வி: பூர்வீக வீட்டின் பாகப்பிரிவினையில் என் அண்ணன் எனக்குச் சேர வேண்டியதில் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை. வழக்கு நடக்கிறது. அவரை நினைத்தாலே வயிறு எரிகிறது, தியானத்தில் உட்கார்ந்தாலும் அவர் முகம்தான் வருகிறது. நன்றி பழகு என்றால் வழக்கை விட்டுவிட வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வழக்கை விட வேண்டாம். திருப்பூர் சகோதரிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: உரிமையை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சலைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி அதை இங்கே சுருக்கியிருக்கிறோம். மூன்றாம் பக்கத்தின் நடுவில், வேறு ஏதோ சொல்ல வந்த இடத்தில், “அப்பா போன பிறகு அவர்தான் என்னைப் படிக்க வைத்தார், அது வேறு விஷயம்” என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நீங்கள் எழுதிக் கடந்துவிட்டீர்கள்; நான் அதைக் கடக்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன். வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் இதற்கென்றே ஒரு குறள் வைத்திருக்கிறார்: “கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த ஒன்றுநன்று உள்ளக் கெடும்.” கொன்றது போன்ற தீமையைச் செய்திருந்தாலும், அவர் முன்பு செய்த ஒரே ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீமை மனத்தை விட்டுப் போகும் என்கிறார். பத்து நன்மைகளைத் தேடிக் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லவில்லை, ஒன்று போதும் என்கிறார். தீமை நடக்கவில்லை என்று நடிக்கவும் சொல்லவில்லை. “கொன்றன்ன” என்று அதன் முழுக் கொடுமையையும் முதலில் ஒப்புக்கொள்கிறார். இதற்கு முந்தைய குறள், நல்லது அல்லாததை “அன்றே மறப்பது நன்று” என்று கெடுவும் வைக்கிறது. அன்றே மறக்க நம்மால் முடியவில்லை என்றால், அடுத்த குறளில் சொன்ன வழியில் போக வேண்டியதுதான்.

தியானத்தில் அண்ணன் முகம் வந்தால் விரட்டாதீர்கள். வருகிற முகத்தை, உங்களைப் படிக்க வைத்த வயதில் இருந்த முகமாகப் பாருங்கள். அப்போது அவருக்கு என்ன வயது, என்ன சம்பளம், உங்கள் கல்லூரிக் கட்டணத்தை எந்தத் தேதியில் எப்படிப் புரட்டிக் கட்டினார், அதற்காக எதை வேண்டாம் என்று தள்ளி வைத்தார் என்று நினைவுக்கு வருகிற மட்டும் நினைத்துப் பாருங்கள். கோர்ட் படியில் அவரை எதிரே பார்க்கும் நாளிலும் இந்த நினைவு உங்கள் பங்கில் ஒரு பைசாவைக் குறைக்காது. வழக்கு முடிந்த பின்னும் உங்களுக்கு ஒரு அண்ணன் மிஞ்ச வேண்டும் என்று எனக்கு ஆசை.

கேள்வி: என் மகள் சொல்லி நன்றிக் குறிப்பேடு எழுதத் தொடங்கினேன். ஒரு மாதத்துக்குள் வறண்டுவிட்டது. வீடு, உடல்நலம், குழந்தைகள் என்று தினமும் அதே மூன்றுதான் வருகிறது. இது மேல்நாட்டுப் பழக்கம், நமக்கு ஒட்டாது என்று விட்டுவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: விட வேண்டாம், கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு நன்றிக்குரியவற்றையும் மற்றொரு குழு எரிச்சலூட்டியவற்றையும் எழுதியது. பத்து வாரம் எழுதிய பகுதியில் நன்றிக் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மேலான எண்ணம் கொண்டிருந்தார்கள், உடல் உபாதைகளையும் குறைவாகவே சொன்னார்கள். அவர்கள் எழுதியது வாரத்துக்கு ஒரு முறை. நீங்கள் தினமும் எழுதிச் சலித்திருக்கிறீர்கள். வாரம் ஒரு நாளாக்குங்கள். “உடல்நலம்” என்று எழுதாமல், “மூட்டு வலி இல்லாமல் வியாழக்கிழமை மாடிப்படி ஏறினேன்” என்று எழுதுங்கள். மேல்நாட்டுப் பழக்கம் என்ற கவலையும் வேண்டாம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி மாலை போட்டு மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுவதும், ஆயுத பூஜையன்று அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதும் எழுதாத நன்றிக் குறிப்பேடுகள்தாம்.

ஆனால் வறட்சிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உங்கள் பட்டியலில் இருப்பவை எல்லாம் உங்களிடம் உள்ளவை. கொடுத்தவர் யாரும் அதில் இல்லை. கொடுத்தவர் இல்லாத நன்றி சீக்கிரமே சொத்துக் கணக்காகிவிடும். மாணிக்கவாசகர், தந்தது உன்னை, கொண்டது என்னை, இதில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டுவிட்டு, அந்தமில்லாத ஆனந்தத்தை நான் பெற்றேன், “யாது நீ பெற்றது ஒன்று என்பால்” என்று இறைவனையே கேட்கிறார். பெற்றதைச் சொன்ன கையோடு, என்னிடமிருந்து நீ என்ன பெற்றாய் என்று கணக்கின் மறுபக்கத்தைப் புரட்டுகிறார்.

ஜப்பானில் இஷின் யோஷிமோட்டோ என்பவர், தூய நிலப் பௌத்த மரபிலிருந்து எடுத்து, நைக்கான் என்ற தன்னாய்வு முறையை உருவாக்கினார். அதில் மூன்றே கேள்விகள். இந்த மனிதரிடமிருந்து நான் என்ன பெற்றேன்? இவருக்கு நான் என்ன கொடுத்தேன்? இவருக்கு நான் என்ன தொல்லை தந்தேன்? இவர் எனக்கு என்ன தொல்லை தந்தார் என்ற நான்காவது கேள்வி கிடையாது. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாம் நன்றாகச் செய்கிறோம். வழக்கமாகத் தாயிலிருந்துதான் தொடங்குவார்கள், அதுவும் வாழ்க்கையைச் சில சில ஆண்டுகளாகப் பகுத்துக்கொண்டு.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை உங்கள் அம்மாவுக்கு ஒதுக்கி, நீங்கள் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படித்த காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். “அன்பாக இருந்தார்” போன்ற பொதுவான சொற்களை விட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியது யார், காய்ச்சலில் விழித்திருந்தது யார், பள்ளிக்கூடத்துக்கு மதியச் சாப்பாடு எடுத்து வந்தது யார் என்று நடந்தவற்றை எழுதுங்கள். இரண்டாம் கேள்விக்குப் பதில் மிகக் குறைவாகவே வரும்; அதைக் கண்டு வருந்தாமல் மூன்றாம் கேள்விக்குப் போங்கள். குற்ற உணர்வு அழுத்தும்படியாக இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் தொடருங்கள். அம்மா இருக்கிறார் என்றால் எழுதியதில் ஒன்றை அவரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். அடுத்த மாதம் வேறொருவர். உங்கள் பட்டியலில் இதுவரை பெயர் வராத ஒருவராக அவர் இருக்கட்டும்.